மதியம் ஒரு மணிக்கு மெயினை இறக்குபவர்

போன வாரம், இந்தக் கம்ப்யூட்டர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார்கள். நீங்கள் ஓர் அட்டவணை கொண்டுவந்தீர்கள். மேலே வரிசையாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் ஓஎஸ்கள்: லினக்ஸில் மூன்று வகை, அதற்குப் பக்கத்தில் பிஎஸ்டி, கடைசியில் காசு கொடுத்து வாங்கும் யூனிக்ஸ். இடது பக்கம் வேகம், பாதுகாப்பு, விலை என்று ஒரு பட்டியல். கட்டத்துக்குக் கட்டம் பச்சையில் டிக், சிவப்பில் பெருக்கல் குறி. "மேடம், இதுல எது பெஸ்ட்னு நீங்க சொல்லிட்டா நாளைக்கே கிளையன்ட்கிட்ட பேசிடுவோம்" என்றீர்கள். நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது வேறொரு காரணத்துக்காக. ஏறக்குறைய அதே அட்டவணையை 2000களின் தொடக்கத்தில் நெல்லித்தோப்பில் ஒரு கடை மாடியில் பார்த்திருக்கிறேன். அதன் பலனை அனுபவித்தது அதைத் தயாரித்தவரும் இல்லை, அதைப் பார்த்துத் தலையாட்டியவரும் இல்லை. அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடப்படாத ஒரு பெண். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடை. உரிமையாளர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர். இப்படிப்பட்டவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். அவரைக் கடையில் எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. கதிர்காமத்து மருந்துக் கடைகளிலிருந்து பிள்ளைச்சாவடி வரைக்கும் சில்லறைக்காரர்கள் இவரிடம்தான் சரக்கு எடுப்பார்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மதியம் ஒரு மணிக்குக் கடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்போம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருவோம். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். முசே கடையில் இதற்கு மேல் இன்னொரு சட்டமும் உண்டு. ஷட்டரை இறக்குவதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்கியாக வேண்டும். ஒருமுறை இப்படி மதியம் சாத்தியிருந்த நேரத்தில் ஒயர் உரசி குடோனில் தீப்பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சொல்லித்தான் அணைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்தச் சட்டம். அவர் ராணுவத்து ஆள், சட்டம் என்றால் சட்டம்தான். ஒருநாள் மெயினை இறக்க மறந்த பையனை வெயிலில் திரும்ப வரவழைத்து இறக்க வைத்தவர்.

தினமும் அந்த மெயினை இறக்கிவிட்டு, ஷட்டரைப் பூட்டி, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் மும்தாஜ். கடையின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பில் போடுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது, காலாவதி தேதி பார்ப்பது எல்லாம் அவர்தான். நடக்கிற தூரத்தில் வீடு. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவுக்கு மதியம் போய்ச் சாப்பாடு ஊட்டிவிட்டுத் திரும்பி வந்து நாலு மணிக்குக் கடையைத் திறப்பார். அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

அங்கே முதலில் இருந்தது காசு கொடுத்து வாங்கிய யூனிக்ஸ். உள் அறையில் ஒரு பெரிய மெஷின், வெளியே பில் மேசைகளில் அதோடு இணைந்த, திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள டெர்மினல்கள். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கினால் பாதி எழுதியது பாதியிலேயே நிற்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் மெனுவில் கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்திருந்தேன். தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது, ஆங்கில எழுத்தில்தான் 'கடை சாத்து' என்று இருக்கும். மும்தாஜ் அதை அழுத்தினால் எல்லா டெர்மினலும் மூடி, எழுத வேண்டியதை எழுதி முடித்து, இனி அணைக்கலாம் என்று திரையில் வரும். பிறகு அவர் மெயினை இறக்குவார். எத்தனையோ வருஷம் இது பிசகாமல் நடந்தது.

மெஷினுக்கு வயசாகிவிட்டது. உதிரி பாகம் கிடைக்கவில்லை. மாற்ற வேண்டியதுதான், அதில் யாருக்கும் தகராறு இல்லை. எதற்கு மாற்றுவது என்பதில்தான் வந்தது. கடை மாடியில் கூட்டம் போட்டார்கள். முசேவின் அக்கா மகன் ழெரார், பிரான்சில் படித்துவிட்டு வந்தவர், பிஎஸ்டிதான் என்றார். அவர் படித்த இடத்தில் எல்லாரும் அதைத்தான் வைத்திருந்தார்களாம். சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்திருந்தார். அவர் லினக்ஸ். லேப்டாப்பின் முதுகில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர். எனக்கும் ஒரு கட்சி உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். பழைய யூனிக்ஸையே புது மெஷினில் போடலாம் என்றேன். அது எனக்குப் பழகியது, அவ்வளவுதான் காரணம்.

மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றில் வேலை பழகினவர் மற்றதில் சீக்கிரமே பழகிக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அங்கே நடந்த பேச்சைக் கேட்டிருந்தால் ஏதோ தேர்தல் என்று நினைத்திருப்பீர்கள். எது சுதந்திரம், எது சுத்தம், எந்த நாட்டில் எந்தப் பெரிய கம்பெனி எதை வைத்திருக்கிறது என்று இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். முசேவுக்கு ஒன்றும் புரியவில்லை, புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மனசில்லை. கன்சல்டன்ட் அந்த அட்டவணையை எடுத்துப் போட்டார். பச்சை டிக், சிவப்புப் பெருக்கல்.

நான் கேட்டேன், "மும்தாஜைக் கூப்பிடுங்களேன். அவங்கதானே காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதுல ஒக்காரப் போறாங்க."

"அவங்க ஆபரேட்டர்தானே மேடம்" என்றார் கன்சல்டன்ட். குரலில் கிண்டல் கூட இல்லை. நாற்காலியைக் கூப்பிடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். ழெரார் சிரித்தார். பத்துப் பேர் உட்கார இடமிருந்த அந்த மாடியில் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லாமல் போய்விடவில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் ஜெயித்தது. அது தப்பான முடிவு என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. ஒரு சின்ன வியாபாரத்துக்கு நல்ல தேர்வுதான். லைசென்ஸ் தொல்லை இல்லை, சாதாரண மெஷினில் ஓடும், வேலை தெரிந்த பையன்கள் ஊரிலேயே கிடைப்பார்கள். என்னை அனுப்பிவிட்டு அந்தக் கன்சல்டன்டே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். புது மெனு பார்க்க அழகாக இருந்தது என்று மும்தாஜே என்னிடம் சொன்னார். கடைசி வரி மட்டும் இல்லை.

சில வாரம் ஓடியது. ஒருநாள் நாலு மணிக்கு மும்தாஜ் மெயினை ஏற்றினார். மெஷின் எழுந்து, பாதியில் நின்று, கோப்புகள் சிதைந்திருக்கின்றன, கையால் சரிசெய்யவும், பாஸ்வேர்டு கொடு என்று இங்கிலீஷில் கேட்டது. அந்தப் பாஸ்வேர்டு சென்னையில் ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். வாசலில் சில்லறைக் கடைக்காரர்கள் வண்டியோடு நிற்கிறார்கள். பில் போட வழியில்லை.

மறுநாள் கன்சல்டன்ட் வந்தார். வந்தவர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும், பிறகு நகலின் மேல் கை வைக்க வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை. ழெரார் பின்னால் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்கிறார், வாசலில் சத்தம். சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்து, அது கேட்கிற எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' என்று ஒரேயடியாகப் பதில் போட்டுவிட்டார். மெஷின் எழுந்தது. பல நாள் பில்கள் காணாமல் போயிருந்தன. நெருக்கடியில் கை பரபரக்கும், எனக்கும் பரபரத்திருக்கிறது. அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நகல் எடுக்கிற பொறுமைக்குத்தான் நமக்குச் சம்பளம். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

சரி, தினமும் எடுத்து வைக்கும் பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார். அதுவும் பாதியோடு நின்றிருந்தது. பழி விழ ஓர் ஆள் வேண்டும். கன்சல்டன்ட் சொன்னார், "சார், சர்வரை ஷட்டவுன் பண்ணாம மெயினை ஆஃப் பண்ணியிருக்காங்க. இது ஆபரேட்டர் தப்பு."

முசே எழுந்து பில் மேசைக்கு வந்தார். லோடு ஏற்றுகிறவர்கள், பில் பசங்கள், வாசலில் நின்ற கடைக்காரர்கள் எல்லார் முன்னாலும் கையை நீட்டினார். "சாவியக் குடு. நாளைலேருந்து வராத" என்றார்.

மும்தாஜ் அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். அழவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவும் இல்லை.

"அக்கா, வேலை போனா போவுது, வேற பாத்துக்குவேன்னு சொல்லலாம்னு பாத்தேன். சொல்ல முடியல. மெஷினக் கெடுத்தவன்னு பேரு வந்துட்டா நெல்லித்தோப்புல எந்தக் கடையில என்னைச் சேப்பாங்க? எங்கம்மா மருந்து முசே கடையிலேருந்துதான் வருது."

"புது மெஷின்ல எப்படிச் சாத்தினே?"

"மொத நாளே கேட்டேங்க்கா. சார், சாத்தறதுக்கு எதை அமுக்கணும்னு கேட்டேன். ஒண்ணும் அமுக்க வேணாம், இது லினக்ஸு, தூங்கவே தூங்காது, வருஷக்கணக்கா ஓடும்னு சொன்னாரு. மெயின எறக்கணுமே சார்னேன். அதுக்குத்தான் யுபிஎஸ் வெச்சிருக்கோம்ல, போம்மான்னாரு. போயிட்டேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. கேட்டிருக்கிறார். சரியான ஆளிடம், சரியான கேள்வியை, முதல் நாளே கேட்டிருக்கிறார். இதற்கு மேல் ஓர் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும்?

மறுநாள் காலை கடைக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கன்சல்டன்ட் காணாமல் போன பில்களை மறுபடி ஏற்றுவதற்காக ஊரிலேயே தங்கியிருந்தார். நேராக அவரிடமே கேட்டேன். "மெயினை எறக்கினாங்க, சரி. ஆனா யுபிஎஸ் இருக்கில்ல? அப்புறம் மெஷின் எப்படி அணைஞ்சுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "யுபிஎஸ் பிளக்கையும் புடுங்கியிருப்பாங்க" என்றார்.

பாருங்கள், எவ்வளவு சுலபமாக வருகிறது. நேற்று கவனக்குறைவு, இன்று வேண்டுமென்றே செய்த வேலை. தன் கணக்கில் ஓர் ஓட்டை தெரிந்ததும் அதை அடைக்க அந்தப் பெண்ணின் மேல் இன்னொரு குற்றத்தை எடுத்து வைக்கிறார். கெட்ட மனிதர் இல்லை அவர். படித்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

ழெரார் இதுதான் சமயம் என்று உள்ளே புகுந்தார். "நான் அப்பவே சொன்னேன் மாமா, பிஎஸ்டி போட்டிருந்தா இது வந்திருக்காது."

"வந்திருக்கும் தம்பி" என்றேன். "நாலு நாள் தள்ளி வந்திருக்கும். கொஞ்சம் சும்மா இருங்க." அவர் அதற்குப் பிறகு என்னிடம் பல மாதம் பேசவில்லை.

முசேவிடம் போனேன். "முசே, இன்னைக்கு மத்தியானம் நீங்க வீட்டுக்குப் போவக் கூடாது. நாம எல்லாரும் இங்கயே இருக்கணும். மும்தாஜ் வந்து எப்பவும் சாத்தற மாதிரி சாத்தட்டும்."

"சாப்பாடு?"

"ஒருநாள் லேட்டாச் சாப்பிடுங்க."

"மதாம், நான் ரெண்டு மணிக்குப் படுத்தாவணும். டாக்டர் சொல்லியிருக்காரு."

"அந்தப் பொண்ணு நேத்து ராத்திரி படுத்திருக்கும்னு நெனைக்கறீங்களா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முசே நாற்காலியை உள் அறைக்குப் போடச் சொன்னார்.

மதியத்துக்குள் நான் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்தவர் பொருளை வைத்துச் சோதனை பண்ணுகிறவர்கள் இதைச் செய்யாமல் பண்ணக்கூடாது.

நான் சொல்லியனுப்பியபடி ஒரு மணிக்கு மும்தாஜ் வந்தார். முந்தின நாள் தன்னிடமிருந்து சாவியை வாங்கியவருடைய முகத்தைப் பார்க்காமல் நேராகப் போய் மெயினை இறக்கினார். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. உள் அறை மெஷின் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு எல்லோரும் உள் அறையில் உட்கார்ந்தோம். மும்தாஜ் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. "இது நார்மல்தான்" என்றார் கன்சல்டன்ட். புழுக்கம் ஏறியது, இருமல் டானிக் வாசனை. முசே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கடையை அவ்வளவு வருஷம் நடத்தியவர், மதியம் சாத்தின பிறகு உள்ளே அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

இரண்டு மணி ஆனதும் டிஸ்க் கரகரவென்று ஓடத் தொடங்கியது. "இது என்ன?" என்று கேட்டேன். கன்சல்டன்டின் முகம் மாறியது அப்போதுதான். "பேக்கப்" என்றார். "மத்தியானம் கடை மூடியிருக்குமே, அந்த நேரம் சும்மாதான் இருக்கும்னு ரெண்டு மணிக்கு வெச்சேன்." கடை மூடியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி மூடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

யுபிஎஸ்ஸின் சத்தம் இடைவெளி குறைந்து, ஒரே நீளக் கீச்சாக மாறியது. டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்து எழுத்தாகப் பேக்கப் திரையில் போய்க்கொண்டிருந்தபோதே பேட்டரி தீர்ந்தது. திரை கறுத்தது. சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றது. அந்த அறையில் யாரும் எதையும் தொடவில்லை. யாரும் எந்த பிளக்கையும் பிடுங்கவில்லை.

தினமும் இதுதான் நடந்திருக்கிறது. நாம் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பூட்டின கடைக்குள், எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த மெஷின் விழுந்திருக்கிறது. நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு எழுந்திருக்கிறது. லினக்ஸை இதற்குப் பாராட்ட வேண்டும், அத்தனை வாரம் தாங்கியதே பெரிது. ஒருநாள் முடியவில்லை.

பிறகு கன்சல்டன்ட் சொன்னதைக் கேளுங்கள். "சார், அப்ப இனிமே மெயினை ஆஃப் பண்ண வேணாம்னு சொல்லிடுங்க. சர்வர் இருக்கற எடத்துல அப்படிப் பண்ணவே கூடாது."

நான் வாயைத் திறப்பதற்குள் முசே எழுந்துவிட்டார். "என் குடோன் எரிஞ்சப்போ நீ இருந்தியா? இந்தக் கடையில மெயின் எறங்கும். அத்த ஏத்துக்கற மெஷின்தான் எனக்கு வேணும். நீ அட்டவணையில அத்தப் போட்டிருந்தியா?"

"யாரும் எங்கிட்ட சொல்லலையே சார்."

கதவோரத்திலிருந்து மும்தாஜ் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னேன் சார். மொத நாளு. எதை அமுக்கணும்னு கேட்டேன். மெயின எறக்கணுமேன்னும் சொன்னேன்."

அவர் மும்தாஜைப் பார்த்தார். நினைவுபடுத்திக்கொள்ள உண்மையாகவே முயற்சி செய்தார். "சாரிம்மா, எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்திருக்கிறது, அவர் வாய் பதிலும் சொல்லியிருக்கிறது, மனசு மட்டும் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதே கேள்வியை ழெரார் கேட்டிருந்தால் அது அட்டவணையில் ஒரு வரியாகியிருக்கும். ஒரு பெண்ணின் சோறு அன்றைக்கு அந்த ஒரு வரியில் போய்விட இருந்தது. இவருக்கு ஞாபகம் இல்லை.

முசே சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மும்தாஜிடம் நீட்டினார். "இந்தாம்மா. நாளைக்கு வா" என்றார். அவரளவில் அது பெரிய இறக்கம்தான்.

மும்தாஜ் கையை நீட்டவில்லை. "நேத்து எல்லாரும் இருக்கறப்ப வாங்கினீங்க முசே. நாலு மணிக்கு எல்லாரும் வருவாங்க. அப்ப குடுங்க, வாங்கிக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் வெளியே போய் ஷட்டருக்கு அந்தப் பக்கம், சுவரோரம் விழுந்திருந்த கொஞ்சம் நிழலில் நின்றார். முசே முகம் சிவந்துவிட்டது. வேண்டாம் போ என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாலு மணி வரைக்கும் அந்தப் புழுக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் போகவில்லை, படுக்கவும் போகவில்லை.

நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள், வண்டிகள் வந்தன. முசே வாசலுக்கு வந்தார். "நேத்து நான் இந்தப் பொண்ணு மேல தப்புன்னு சொன்னேன். தப்பு அவ மேல இல்ல. மெஷினப் போட்டவங்க மேல, அத்த விசாரிக்காத என் மேல" என்று கடைவாசலில் நின்று சொன்னார். சாவியைக் கொடுத்தார். மும்தாஜ் வாங்கி, உள்ளே போய், மெயினை ஏற்றினார். வாசலில் நின்ற ஒரு கடைக்காரர், "சரி சரி, பில்லு எப்பப் போடுவீங்க" என்றார். ஊர் அவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கடையில் பிறகு எந்த ஓஎஸ் போட்டோம்? அதே லினக்ஸ்தான். நானே என் பழைய யூனிக்ஸ் கட்சியை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பேக்கப்பைக் கடை திறந்திருக்கும் நேரத்துக்கு மாற்றினேன். திடீரென்று விழுந்தாலும் சீக்கிரம் தேறிக்கொள்கிற விதமாகக் கோப்பு முறையை மாற்றினேன். பேட்டரி தீரும் முன் தானே அணையும்படி யுபிஎஸ்ஸை மெஷினோடு ஓர் ஒயரால் இணைத்தேன். மெனுவில் கடைசி வரியை மறுபடி எழுதினேன், கடை சாத்து. எல்லாம் சேர்ந்து ஒரு காலைப்பொழுது வேலை. இந்தக் காலைப்பொழுதுக்குப் பதிலாகத்தான் அன்றைக்கு மாடியில் அவ்வளவு மேசையைத் தட்டினார்கள். பிஎஸ்டியாக இருந்தாலும் இதே வேலையைத்தான் செய்திருப்பேன்.

கன்சல்டன்ட் அனுப்பிய கடைசி ரிப்போர்ட்டில் பிரச்சினைக்குக் காரணம் 'மின்சாரம்' என்று எழுதியிருந்ததாக ழெரார் பிற்பாடு சொன்னார். மின்சாரத்துக்கு வேலை போகாது, அதனால் விட்டுவிட்டேன்.

உங்கள் அட்டவணையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எடுத்துப் பார்த்தேன். வீட்டில் ஒரு மெஷின் போதும், பாட்டு கேட்க, படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்றால் எந்தக் கட்டத்தில் டிக் இருந்தாலும் பரவாயில்லை, பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். விழுந்தால் உங்கள் மேல்தான் விழும். ஒரு கடைக்கோ ஆபீசுக்கோ போடும்போது அது வேறு யாரோ ஒருத்தர் மேல் விழும். அந்த ஒருத்தர் உங்கள் கூட்டத்தில் இருக்கமாட்டார்.

அதனால் எது நல்லது என்று என்னிடம் மறுபடி கேட்க வருவதாக இருந்தால் தாராளமாக வாருங்கள், கூடவே உட்கார்ந்து பேசுவோம். ஆனால் உங்கள் கிளையன்ட் கடைக்கு ஒருநாள் மதியம் போய், சாப்பாட்டை விட்டுவிட்டு, ஷட்டர் இறங்கின பிறகு உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் கடையில் மெயினை இறக்குபவரிடம் பேசிவிட்டு வாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று வாசலிலேயே கேட்பேன். ஞாபகம் இல்லை என்றால், காபி கூடக் கிடையாது.